விலை சரியும் நாளுக்கு ஒரு விரிதாள்

பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ வசிப்பவர்களுக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி புதிதில்லை. பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அது உங்களைக் கடந்து போயிருக்கும். அந்த லாரிக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

காரணம் ஒரு நொதி. குலையை வெட்டி, பழம் அடிபட்டதும், அதிலுள்ள லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. கொழுப்பு அமிலங்கள் பிரிந்து வருகின்றன. எண்ணெயின் தரம் இறங்குகிறது. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் ஆவியில் வெந்தாக வேண்டும் என்பது தோட்டத்தில் அனைவரும் அறிந்த கணக்கு.

இந்த நொதிக்குப் பொருளாதாரத்திலும் ஒரு வேலை உண்டு. தஞ்சோங் காராங் வயலில் விளையும் நெல்லை உலர்த்தி மூட்டையில் கட்டி வைக்கலாம். செம்பனைப் பழத்தை அப்படி வைக்க முடியாது. இன்று விலை மோசம், அடுத்த மாதம் விற்கலாம் என்று சொல்ல வழியில்லை. மரமும் காத்திருக்காது. நட்டு ஏறக்குறைய மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கினால், இருபது இருபத்தைந்து ஆண்டுகள் குலை தள்ளிக்கொண்டே இருக்கும். விலை என்னவாக இருந்தாலும் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். ஆகவே செம்பனை வைத்திருப்பவருக்கு மழை, பூச்சி, உரவிலை எல்லாவற்றுக்கும் மேலாக இன்னோர் ஆபத்து இருக்கிறது: விற்கும் நாளின் விலை.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 2008 மார்ச்சில் ஒரு டன் கச்சா பாமாயில் 4,400 வெள்ளியைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் 1,400 வெள்ளிக்கும் கீழே போய்விட்டது. 2022இல் உக்ரேன் போர், இந்தோனேசியாவின் ஏற்றுமதித் தடை என்று அடுத்தடுத்து வந்தபோது 7,000 வெள்ளிக்கு மேல் ஏறி, ஜூலை நடுவில் 4,000க்குக் கீழே இறங்கியது. ஒரு குடும்பத்தின் சம்பளம் சில மாதங்களில் பாதியானால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான். 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், அன்று பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பகுதியில், தென்னமாரம் தோட்டத்தில் அதை நட்டார். பெயரைக் கேட்டால் தென்னைமரம் போலிருக்கும்; வளர்ந்ததோ செம்பனை. நம் முன்னோர் பலர் வேர்வை சிந்திய அந்த வட்டாரத்தின் எண்ணெய்க்கு இன்று விலை சொல்லும் இடம் கோலாலம்பூரிலுள்ள பூர்சா மலேசியா. உலகம் முழுவதும் பாமாயில் வாங்குவோரும் விற்போரும் அந்தப் பலகையைத்தான் கவனிக்கிறார்கள்.

அங்கே விற்பனையாவது எண்ணெய் அன்று. எண்ணெய் பற்றிய வாக்குறுதி. 1980 அக்டோபரில் கோலாலம்பூர் பண்டச் சந்தையில் கச்சா பாமாயில் முன்பேர ஒப்பந்தம் தொடங்கியது. ஓர் ஒப்பந்தம் என்றால் 25 டன். மூன்று மாதம் கழித்துத் தரப்போகும் எண்ணெய்க்கு இன்றே விலை பேசி முடித்துக்கொள்ளலாம். கடைசிவரை ஒப்பந்தத்தை வைத்திருந்தால் கிள்ளான் துறைமுகம் போன்ற இடங்களில் நிஜமாகவே எண்ணெயை ஒப்படைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலோர் அதற்கு முன்பே கணக்கை நேர்செய்துவிடுவார்கள்.

ஓர் ஆலை இன்று 4,000 வெள்ளிக்கு முன்பேரம் விற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விலை 3,000 ஆனாலும் ஆலைக்குக் கவலையில்லை. 5,000 ஆனால்? அதே 4,000தான். நல்ல விலையின் பலனும் போய்விட்டது. அதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. விலை ஏறும் ஒவ்வொரு நாளும், விற்றவர் அந்த வேறுபாட்டைப் பணமாகக் கட்டி வர வேண்டும். எண்ணெய் இன்னும் விற்பனை ஆகவில்லை. பணம் மட்டும் கையைவிட்டுப் போகும். 2022இல் 5,000 வெள்ளிக்கு விற்று வைத்த ஒருவர், விலை 7,000 தொட்டபோது ஓர் ஒப்பந்தத்துக்கு 50,000 வெள்ளி கட்டியிருக்க வேண்டும். மரத்தில் பழம் நிறைய இருந்தும் வங்கிக் கணக்கு வற்றிவிடும் நிலை இது.

கீழே விழாமல் தடுக்க வேண்டும். மேலே போகும் வழியும் திறந்திருக்க வேண்டும். இதற்குப் பழைய காலத்திலேயே ஒருவர் வழி கண்டார் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். கிரேக்க அறிஞர் தேலிஸ், அடுத்த பருவத்தில் ஆலிவ் நன்றாக விளையும் என்று கணித்து, குளிர்காலத்திலேயே ஊரிலுள்ள எண்ணெய்ச் செக்குகளுக்குச் சிறு முன்பணம் கொடுத்து வைத்தார். விளைச்சல் பொய்த்தால் முன்பணம் மட்டும் போகும். பலித்தால் செக்குகள் அவர் கையில். எண்ணெய் ஆட்டும் தொழிலில் தொடங்கிய கதை என்பதால் நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

தேலிஸ் வாங்கியதை இன்று ஆப்ஷன் என்கிறோம். ஆப்ஷன் என்பது ஓர் உரிமை. கடமை இல்லை. குறித்த விலைக்கு விற்கும் உரிமைக்குப் ‘புட்’ என்று பெயர். வாங்கும் உரிமைக்குக் ‘கால்’. உரிமைக்குக் கொடுக்கும் கட்டணம் பிரிமியம். பூர்சா மலேசியாவில் பாமாயில் முன்பேர ஒப்பந்தத்தின் மீதான ஆப்ஷன் 2012 ஜூலையில் வந்தது.

இப்போது கணினியைத் திறங்கள். எக்செல் இருந்தாலும் சரி, கூகுள் ஷீட்ஸ் இருந்தாலும் சரி. விரிதாளின் வரலாறே இதற்குப் பொருத்தமானது. ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்த டேன் பிரிக்லின், ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கணக்கையும் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கிறதே என்று சலித்துப்போனார். பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979இல் விசிகால்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். ‘இப்படியானால் என்ன ஆகும்?’ என்று கேட்பதற்காகவே பிறந்த கருவி அது. நாமும் அதைத்தான் கேட்கப்போகிறோம்.

பி1 கட்டத்தில் 4000 என்று இடுங்கள். இது நம் புட்டின் குறித்த விலை. பி2இல் 150, டன்னுக்கான பிரிமியம். பி3இல் 25, டன் அளவு. (150 என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். சந்தையில் அது தினமும் மாறும்.) ஏ6 முதல் கீழே 3000, 3500, 4000, 4500, 5000 என்று மூன்று மாதம் கழித்து வரக்கூடிய விலைகளை எழுதுங்கள். ஆலையின் வருமானத்தை மூன்று விதமாகக் கணக்கிடலாம்: பாதுகாப்பே இல்லாமல், முன்பேரம் விற்று, புட் வாங்கி. மூன்றாவதற்கு இந்தச் சூத்திரம் போதும். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்:

=(ஏ6+மேக்ஸ்(பி1-ஏ6,0)-பி2)*பி3

மேக்ஸ் என்பது இரண்டில் பெரியதை எடு என்ற கட்டளை. விலை 4,000க்குக் கீழே போனால் வேறுபாடு கிடைக்கும். மேலே போனால் பூச்சியம். உரிமை, கடமை இல்லை என்று சொன்னோமே, அந்த வாக்கியத்தின் கணித வடிவம் இதுதான். சூத்திரத்தைக் கீழே இழுப்பதற்கு முன் பி1, பி2, பி3 மூன்றுக்கும் டாலர் குறியிட்டுப் பூட்டுங்கள். மறந்தால் கணக்கு கீழே கீழே நழுவிக்கொண்டே போகும். முடிவு இப்படி வரும்:

விலை | பாதுகாப்பு இல்லை | முன்பேரம் | புட்
3,000 | 75,000 | 100,000 | 96,250
3,500 | 87,500 | 100,000 | 96,250
4,000 | 100,000 | 100,000 | 96,250
4,500 | 112,500 | 100,000 | 108,750
5,000 | 125,000 | 100,000 | 121,250

கடைசி நிரலைப் பாருங்கள். 96,250க்குக் கீழே அது இறங்கவே இல்லை. மேலே போகத் தடையும் இல்லை. இதற்கு ஆலை கொடுத்த விலை 3,750 வெள்ளி. விலை 4,000 வெள்ளியிலேயே நின்றுவிட்டால் அந்தப் பணம் வீண்தான். மோட்டார்சைக்கிள் காப்புறுதி கட்டி, ஆண்டு முழுவதும் விபத்தே இல்லாமல் ஓட்டியவரும் பணம் வீண் என்று முணுமுணுப்பதுண்டு.

இதுவரை வாங்குபவரின் பக்கம். ஆலை கட்டிய 3,750 வெள்ளியை யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டார் அல்லவா? அவருக்காக இன்னொரு நிரல் போடுங்கள். ஆலையின் புட் லாபமானால் அது அவருக்கு நட்டம். விலை 4,000 அல்லது அதற்கு மேல் என்றால் 3,750 வெள்ளி அவருக்கு லாபம். அதற்கு மேல் ஒரு காசுகூட வராது. விலை 3,000 ஆனால் 21,250 நட்டம். 2,000 ஆனால் 46,250. 2008இல் கண்டதுபோல 1,400 ஆனால் 61,250.

இப்போது ஒரு கேள்வி. அவர் பத்து முறை இப்படி விற்கிறார். ஒன்பது முறை விலை இறங்கவில்லை. பத்தாவது முறை 2,000க்குச் சரிந்தது. ஒன்பது வெற்றியில் 33,750 வெள்ளி. ஒரே தோல்வியில் 46,250 போய்விட்டது. ஆக 12,500 வெள்ளி நட்டம். பத்துக்கு ஒன்பது முறை ஜெயித்தவர் தோற்றுப்போனார்! வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘90 விழுக்காடு வெற்றி’ என்று வரும் வணிக விளம்பரங்களைப் பார்த்தால் இந்த நிரலை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றியின் எண்ணிக்கை சொல்லப்படுகிறது. தோல்வியின் அளவு சொல்லப்படுவதில்லை. (அப்படி விளம்பரம் செய்பவர் உரிமம் பெற்றவரா என்று மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம், ஓர் எச்சரிக்கைப் பட்டியலே அங்கே இருக்கிறது.)

இந்தியாவில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் முன்பேரத்திலும் ஆப்ஷனிலும் இறங்கிய 1 கோடிக்கும் அதிகமான தனிநபர்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் 93 விழுக்காட்டினருக்கு நட்டம். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நட்டத்திலிருந்து மீள்வதும் எளிதில்லை என்பதைச் சதவீதக் கணக்கு தெரிந்த நீங்களே காட்டலாம். 100 வெள்ளியில் 20 போனால், மீண்டும் 100 ஆக 25 விழுக்காடு ஈட்ட வேண்டும். 50 போனால் 100 விழுக்காடு. 80 போனால் 400 விழுக்காடு.

சரி, பிரிமியம் 150 என்று எடுத்துக்கொண்டோமே, சந்தையில் அதை யார் தீர்மானிப்பது? 1973இல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்ற இருவர் பங்கு ஆப்ஷனுக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். ராபர்ட் மெர்ட்டன் அதை மேலும் வளர்த்தார். 1976இல் பிளாக் அதை முன்பேர ஒப்பந்தங்களுக்கு ஏற்றபடி மாற்றினார். ஐந்து எண்கள் வேண்டும்: முன்பேர விலை, குறித்த விலை, மீதமுள்ள காலம், வட்டி விகிதம், விலையின் ஏற்ற இறக்கம். முதல் நான்கையும் பார்த்து எழுதிவிடலாம். ஐந்தாவதை அப்படி எழுத முடியாது. கடந்த நாள்களின் விலை மாற்றத்தை எடுத்து, அதன் திட்டவிலக்கத்தைக் காணலாம். படிவம் நான்கு கணிதத்தில் நீங்கள் ‘சிசிஹான் பியாவாய்’ என்று படிப்பது இதுவே. ஆனால் அது நேற்றைய கொந்தளிப்பு. நாம் காப்புறுதி எடுப்பதோ நாளைக்கு. அந்த ஒரு கட்டத்தில் நீங்கள் இடும் எண் ஒரு கருத்துதான், எத்தனை தசமத்தில் எழுதினாலும்.

ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்கள். அவர்கள் பங்காளிகளாக இருந்த முதலீட்டு நிறுவனம் அடுத்த ஆண்டே கவிழ்ந்தது என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை.

சூத்திரம் சரியாக இருந்தும் விரிதாள் பிழையாகலாம். 2012இல் அமெரிக்காவின் ஜேபி மோர்கன் வங்கி, தன் லண்டன் அலுவலகம் செய்த வணிகத்தில் ஏறக்குறைய 620 கோடி டாலர் இழந்தது. அங்கே ஆபத்தை அளந்த முறை, எக்செல் தாள்களுக்கு இடையே கையால் வெட்டி ஒட்டி நடந்தது என்பது வங்கியின் சொந்த விசாரணையிலேயே வெளிவந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு எண்களின் வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுக்க வேண்டும். தாளோ அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தது. நீங்களே போட்டுப் பாருங்கள். 10, 12 என்ற எண்களை எடுத்தால் வேறுபாடு 2. சராசரி 11ஆல் வகுத்தால் 0.18. கூட்டுத்தொகை 22ஆல் வகுத்தால் 0.09. ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிகிறது! நட்டத்துக்கு இந்தப் பிழை மட்டுமே காரணமன்று. ஆனால் ஆபத்து குறைவு என்று தாள் சொன்னபோது, நம்புவதற்கு ஆள்கள் தயாராக இருந்தார்கள். ஒரு கணக்கைச் சரிபார்க்க எளிய வழி, பதில் ஏற்கெனவே தெரிந்த எண்ணை இட்டுப் பார்ப்பது. நம் தாளில் விலையும் குறித்த விலையும் சமமானால், புட் நிரல் பாதுகாப்பில்லாத நிரலைவிடச் சரியாக 3,750 குறைவாக இருக்க வேண்டும். அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது.

தாளில் ஏறாத கணக்கு இன்னும் மோசம். நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில், நிக் லீசன் என்ற இளைஞர் பேரிங்ஸ் வங்கிக்காக வணிகம் செய்தார். நட்டங்களை 88888 என்ற கணக்கில் ஒளித்துவைத்தார். ஜப்பானியப் பங்குக் குறியீடு பெரிதாக அசையாது என்று நம்பி, அதன் மீது புட், கால் இரண்டையும் விற்றார். மேலே சொன்ன விற்பவர் நிரல், இரண்டு பக்கமும் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். 1995 ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரில் நிலநடுக்கம். சந்தை சரிந்தது. விட்டதைப் பிடிக்க மேலும் மேலும் முன்பேர ஒப்பந்தம் வாங்கிக் குவித்தார். முடிவில் 82 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம். 1762இல் தொடங்கிய வங்கி பிப்ரவரி முடிவதற்குள் திவாலானது. ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. லீசன் முதலில் ஓடி வந்தது மலேசியாவுக்குத்தான். கோத்தா கினபாலுவில் தங்கிவிட்டு ஐரோப்பா போகும் வழியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டார்.

மீண்டும் கோலசிலாங்கூருக்கு வருவோம். ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் ஒருவர் உங்கள் உறவிலோ அண்டை வீட்டிலோ இருக்கலாம். அவர் புட் வாங்கலாமா?

ஐந்து ஏக்கர் என்பது இரண்டு ஹெக்டேர். ஹெக்டேருக்கு ஆண்டில் 17 டன் குலை என்று வைத்தால் 34 டன். அதில் எண்ணெய் ஏறக்குறைய 20 விழுக்காடு, ஆக 6.8 டன். மூன்று மாதத்துக்கு 1.7 டன். ஒப்பந்தமோ 25 டன். அவர் தன் பழத்தைக் காப்பதாக நினைத்து ஒரு முன்பேரம் விற்றால், விலை 500 வெள்ளி ஏறும்போது பழத்தில் அவருக்குக் கூடுதலாக வருவது 850 வெள்ளி. ஒப்பந்தத்தில் போவது 12,500. இதில் காப்புறுதி 1.7 டன்னுக்கு மட்டுமே, மீதி 23.3 டன்னும் சூதாட்டம். புட் வாங்கினால் இழப்பு 3,750 வெள்ளியோடு நிற்கும். ஆனால் 1.7 டன் எண்ணெயின் மொத்த மதிப்பே 6,800 வெள்ளி. அதைக் காக்க 3,750 கட்டுவது, பழைய சைக்கிளுக்குப் பெரிய காருக்கான காப்புறுதி எடுப்பது போல. என் கருத்தில், தனி ஆளாக அவருக்கு இந்தச் சந்தை ஏற்றதன்று. இந்த ஒப்பந்தம் ஆலைகளையும் பெருந்தோட்டங்களையும் மனத்தில் வைத்து வெட்டிய சட்டை.

ஆனால் அதே தாள் அவருக்கு வேறு வகையில் உதவும். பி1இல் பூர்சா விலையை விட்டுவிட்டு, ஒரு டன் குலைக்கு ஆகும் செலவை எழுதச் சொல்லுங்கள்: உரம், வெட்டுக்கூலி, லாரி வாடகை. பாமாயில் விலை எத்தனைக்கு இறங்கினால் அவர் கைப்பணம் போடத் தொடங்குவார் என்று தெரிந்துவிடும். நல்ல விலை வரும் ஆண்டில் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே வரும். அவரைப்போலப் பலர் கூட்டுறவாகச் சேர்ந்தால்? 25ஐ 1.7ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15. பதினைந்து குடும்பத்தின் மூன்று மாதப் பழம் ஓர் ஒப்பந்தத்துக்குச் சமம். ஆளுக்குப் பிரிமியம் 250 வெள்ளி. செம்பனை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. ஆண்டின் பிற்பகுதியில் குலை கூடும், தொடக்க மாதங்களில் குறையும். அந்த 1.7ஐ மாற்றி, 15 என்பது எத்தனையாகிறது என்று தாளில் பாருங்கள்.